ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்

ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் (பெப்ரவரி 1, 1895 - ஆகஸ்ட் 25, 1970) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக இருந்தவரும் ஆவார். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை இவர் அப்பதவியில் இருந்தார். இந்தியா விடுதலை அடைந்த நாளில் மாகாண ஆட்சியின் தலைமையில் இருந்தவர் இவரே. மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கை விரிவுபடுத்தியமை, ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் ஆகியன இவரது ஆட்சிக்காலத்தைச் சேர்ந்தவை. மக்கள் இவரைப் பொதுவாக ஓமந்தூரார் என்றே அழைத்தனர்.

பொது அறிவு வினாக்களில் இவர் தொடர்பாக இரண்டு குழப்பங்கள் அடிக்கடி ஏற்படுகின்றன. முதலாவது, தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார் என்பது. 1920இல் இரட்டையாட்சியின் கீழ் முதல் அமைச்சரவையை அமைத்தவர் அ. சுப்பராயலு ரெட்டியார். 1937இல் மாகாணத் தன்னாட்சியின் கீழ் முதல் காங்கிரசு ஆட்சியை அமைத்தவர் இராஜாஜி. விடுதலையின்போது ஆட்சியில் இருந்தவர் ஓமந்தூரார். 1950இல் குடியரசான போது முதலமைச்சராக இருந்தவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. எனவே, வினாவில் எந்தக் காலம் குறிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தே விடை கூற வேண்டும். இரண்டாவது குழப்பம் மதுவிலக்கைப் பற்றியது. அது கீழே விரிவாகக் கூறப்படுகிறது.

பிறப்பும் ஊரும்

இராமசாமி ரெட்டியார் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இவ்வூர் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியது.

ஒலக்கூர், திண்டிவனம், மயிலம், மரக்காணம் ஆகியவற்றை உள்ளடக்கிய இந்த வட்டாரம் ஏரிப்பாசனத்தையும் மழையையும் நம்பியிருப்பது. நெல், வேர்க்கடலை ஆகியன முக்கியப் பயிர்கள். ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் பனைமரங்கள் மிகுதி. பனை இருந்த இடத்தில் கள்ளும் இருந்தது. தென்கிழக்கே சில மணி நேர வண்டிப் பயணத்தில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரி இருந்தது. ஆங்கில அரசின் கலால் சட்டங்கள் செல்லுபடியாகாத ஊர் அது. பின்னாளில் மாகாணம் முழுவதும் மதுக்கடைகளை மூடிய ஒருவர் இத்தகைய எல்லைப் பகுதியில் பிறந்து வளர்ந்தார் என்பது இவரது வாழ்க்கையை வாசிப்போர் மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று. மதுவிலக்கின் பயனையும் அதன் ஓட்டைகளையும் நூல்களில் படித்து அறிய வேண்டிய நிலையில் இவர் இருக்கவில்லை.

விடுதலைப் போராட்டம்

காந்தியக் கொள்கைகளால் ஈர்க்கப்பட்ட இராமசாமி ரெட்டியார் காங்கிரசில் இணைந்து, தென்னார்க்காடு மாவட்டத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறை சென்றார். கதர் உடுத்தல், தீண்டாமை ஒழிப்பு, மது ஒழிப்பு ஆகிய காந்தியின் ஆக்கப் பணிகளைத் தம் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். சமயப் பற்று மிக்கவர். வள்ளலாரின் நெறியிலும் இரமண மகரிசியிடமும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். பதவி தேடி அரசியலுக்கு வந்தவர் அல்லர் என்பதை இவருடைய அரசியல் எதிரிகளும் ஒப்புக்கொண்டனர்.

அரசியல் நிர்ணய மன்றத்தில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களுள் ஒருவராகவும் இவர் இருந்தார்.

பிரதம அமைச்சர்

1946 தேர்தலுக்குப் பின் த. பிரகாசம் சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சரானார். அக்காலத்தில் மாகாண ஆட்சித் தலைவர்களுக்குப் பிரதமர் என்ற பெயரே வழங்கியது. முதலமைச்சர் என்ற பெயர் குடியரசு அரசியலமைப்புடன் வந்தது. ஓராண்டு முடிவதற்குள் பிரகாசம் கட்சிக்குள் ஆதரவை இழந்தார். தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக இருந்த காமராசரின் ஆதரவுடன் ஓமந்தூரார் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1947 மார்ச் 23இல் பதவி ஏற்றார். அமைச்சரவையில் பெசவாட கோபால ரெட்டி நிதியையும், தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வியையும், எம். பக்தவத்சலம் பொதுப்பணியையும் கவனித்தனர்.

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அன்று. கடலோர ஆந்திரம், இராயலசீமை, மலபார், தென் கன்னடம் ஆகியனவும் அதில் அடங்கியிருந்தன. நான்கு மொழிகள் பேசும் மக்களையும், உணவுத் தட்டுப்பாட்டையும், ஐதராபாத் எல்லையில் எழுந்த குழப்பங்களையும் இந்த அமைச்சரவை ஒருசேர எதிர்கொண்டது.

1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் மாகாணத்தின் இந்துக் கோயில்களை அனைத்துச் சாதியினருக்கும் திறந்தது. அதே ஆண்டில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகளாக நடத்திய போராட்டத்தின் நிறைவு அது. 1948இல் சமீன்தாரி முறையை ஒழித்து நிலங்களை இரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் நிறைவேறியது. சென்னை நகரப் பேருந்துப் போக்குவரத்தை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியதும் இக்காலத்திலேயே.

1947 நவம்பரில் வகுப்புவாரி அரசாணை திருத்தப்பட்டது. புதிய ஆணையின்படி ஒவ்வொரு 14 பணியிடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முசுலிம்களுக்கு 1 என ஒதுக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு கிடைத்தது இதுவே முதன்முறை. இதனால் சினமுற்றவர்கள் இவரைத் தாடி இல்லாத இராமசாமி என்று பெரியாரோடு ஒப்பிட்டுக் கேலி செய்தனர். ஆனால் இதே அரசுதான் 1948இல் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி இரண்டாவது இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைச் சந்தித்ததும் இதே அரசு. ஆகையால் இவரை எந்த ஒரு முகாமிலும் அடைப்பது கடினம்.

தமிழ்க் கலைக்களஞ்சியப் பணி 1947இல் அவிநாசிலிங்கத்தின் முயற்சியால் தொடங்கியதையும் (முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது), பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசே ஏற்றுக்கொள்ளும் முடிவு 1949இல் எடுக்கப்பட்டதையும் இங்கு குறிப்பிடலாம். இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் எழுதுவோர் அந்த முதல் முயற்சிக்குக் கடன்பட்டவர்கள்.

மதுவிலக்கு

தமிழகத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் யார் என்ற வினாவுக்கு இராஜாஜி என்பதும் ஓமந்தூரார் என்பதும் வெவ்வேறு பொருளில் சரியான விடைகளே. இராஜாஜியின் அரசு 1937இல் மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மட்டும் நடைமுறைப்படுத்தியது. பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 1939இல் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகிய பின், ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி போர்க்காலத்தில் அதை நிறுத்தி வைத்தது. 1946இல் பிரகாசம் அரசு சில மாவட்டங்களில் மீண்டும் தொடங்கியது. ஓமந்தூரார் அரசு 1947இல் மேலும் சில மாவட்டங்களைச் சேர்த்து, 1948 அக்டோபரில் எஞ்சிய மாவட்டங்களையும் உள்ளடக்கி, மாகாணம் முழுவதையும் மதுவிலக்கின் கீழ்க் கொண்டுவந்தது. அதாவது, சட்டம் இராஜாஜியுடையது. முழு மதுவிலக்கு ஓமந்தூராருடையது. பம்பாய் மாகாணத்தின் மதுவிலக்குச் சட்டம் 1949இல்தான் இயற்றப்பட்டது.

இதற்கும் முன்பே, 1921ஆம் ஆண்டின் கள்ளுக்கடை மறியலில் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றதும், பெரியார் தமது தோப்பில் இருந்த தென்னை மரங்களை வெட்டி வீழ்த்தியதும் தமிழக வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. ஓமந்தூரார் அந்த மறியல் தலைமுறையைச் சேர்ந்தவர்.

இச்சட்டத்தின் அளவைப் புரிந்துகொள்ள, அது எவற்றைத் தடை செய்தது என்பதை அறிய வேண்டும். மதுவகைகள் அடிப்படையில் இரண்டு. முதல் வகை நொதித்தலால் மட்டும் கிடைப்பது. மாவு அல்லது பழம் அல்லது மரச்சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி எரிசாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. முளைகட்டிய வாற்கோதுமையில் இருந்து பீர், திராட்சைச் சாற்றில் இருந்து வைன், பனை, தென்னை, ஈச்சமரப் பாளைச் சாற்றில் இருந்து கள் என்பன இவ்வகை. பீரும் கள்ளும் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரையிலும், வைன் ஏறத்தாழ 12 விழுக்காடும் எரிசாராயம் கொண்டவை. எரிசாராயம் 15 விழுக்காட்டை நெருங்கும்போது பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் செயலிழந்துவிடுவதால், நொதித்தலால் மட்டும் இதைவிட மிகுதியான செறிவு கிடைப்பது அரிது.

அதற்கு மேல் செல்ல வேண்டுமானால் காய்ச்சி வடிக்க வேண்டும். எரிசாராயம் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். இந்த வேறுபாடே வடித்தலின் அடிப்படை. பிராந்தி, விஸ்கி, ரம், ஜின், சாராயம் ஆகியன இந்த இரண்டாம் வகை. பிராந்தி வைனில் இருந்தும், விஸ்கி தானியத்தில் இருந்தும், ரம் கரும்புப் பாகில் இருந்தும் வடிக்கப்படுவன. ஆனால் இந்தியாவில் இப்பெயர்களில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் இருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவையே. புட்டிகளில் அச்சிடப்படும் 42.8 விழுக்காடு என்னும் எண் பழைய ஆங்கிலேய அளவையில் இருந்து வந்தது. 57.1 விழுக்காடு எரிசாராயம் கொண்டது 100 பாகை எனக் கொள்ளப்பட்டது. அதில் முக்கால் பங்கு 42.8. ஆங்கிலேயர் சென்றாலும் அவர்களது பின்னம் புட்டியில் தங்கிவிட்டது.

சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரி சட்டம் கள், சாராயம் இரண்டையும் ஏல முறையில் குத்தகைக்கு விட்டு அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்தது. ஓமந்தூராரின் சொந்த மாவட்டத்தில், நெல்லிக்குப்பத்தில், பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் இயங்கின. 1930களில் மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு கலால் வழியாகவே வந்தது. இதை ஈடுகட்டுவதற்காகவே இராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஓமந்தூரார் அரசு முழு மதுவிலக்கை எண்ணிப் பார்க்க முடிந்ததற்கு இந்த விற்பனை வரி ஒரு முக்கியக் காரணம். நாம் இன்றும் கடையில் கொடுக்கும் வரியின் மூதாதை மதுவிலக்கின் பிள்ளை என்பது பலரும் அறியாத செய்தி.

சட்டத்தில் விலக்குகளும் இருந்தன. மருத்துவத் தேவை, தொழிற்சாலைப் பயன்பாடு, கிறித்தவத் திருச்சபை வழிபாட்டுக்கான வைன், அயல்நாட்டினர் முதலியோருக்கான அனுமதிச் சீட்டு ஆகியவை அவற்றுள் சில. பானைக்குள் சுண்ணாம்பு தடவி நொதித்தலைத் தடுத்து இறக்கும் பதநீருக்கு அனுமதி இருந்தது. கள் இறக்கி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்றாகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊக்குவிக்கப்பட்டன.

எனினும் இந்த மாற்று ஏற்பாடு போதுமானதாக இருந்தது எனக் கூற முடியாது. தமிழகத்தில் நாடார், கிராமணி, மலபாரில் ஈழவர், ஆந்திரத்தில் ஈடிகர் எனப் பல சமூகங்கள் மரமேறுதலை நம்பியிருந்தன. பதநீர் காய்ச்ச விறகு வேண்டும், நேரம் வேண்டும், சந்தை வேண்டும். கள்ளுக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. காலையில் இறக்கியது மாலைக்குள் பணமாகும். குடிகாரரின் குடும்பத்துக்கு நன்மை செய்த அதே சட்டம் மரமேறியின் குடும்பத்தை வறுமைக்குத் தள்ளியது. இதை இச்சட்டத்தின் பெரிய குறையாகக் கொள்ள வேண்டும்.

மற்றொரு குறை கள்ளச்சாராயம். கள்ளுக்குப் பனை வேண்டும், அது ஊருக்குத் தெரியும். சாராயத்துக்கு ஒரு பானையும் வெல்லமும் வேலம்பட்டையும் மறைவான இடமும் போதும். மெருகெண்ணெய் எனப்படும் வார்னிஷ், இஞ்சிச் சாற்று டிங்சர் போன்றவற்றைக் குடிக்கும் வழக்கமும் பரவியது. வீரியம் குறைந்த பானம் மறைந்து வீரியம் மிகுந்ததும் நச்சுத்தன்மை வாய்ந்ததும் அதன் இடத்தைப் பிடித்தன. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. புதுச்சேரி எல்லை வேறு இருந்தது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னரும் புதுச்சேரி தனி நிருவாகமாகவே தொடர்ந்ததால், திண்டிவனம் வட்டாரத்தின் கடத்தல் சிக்கல் தீரவில்லை.

இவற்றை எல்லாம் கணக்கில் கொண்டாலும், மாகாணத்தின் சிற்றூர்களில் கூலியைக் கள்ளுக்கடையில் இழந்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் குறைந்ததை மறுப்பதற்கில்லை. விடுதலை பெற்ற ஒன்றரை ஆண்டுக்குள், உணவுப் பஞ்சத்துக்கு நடுவே, இவ்வளவு பெரிய வருவாயைக் கைவிடத் துணிந்த அரசுகள் மிகச் சிலவே.

பதவி விலகல்

ஓமந்தூரார் கட்சியினர் நிருவாகத்தில் தலையிடுவதை விரும்பவில்லை. பரிந்துரைகளுடன் வந்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இவரிடம் இடமிருக்கவில்லை. 1948இல் நடந்த கட்சித் தலைவர் தேர்தலில் பிரகாசத்தைத் தோற்கடித்துத் தலைமையைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் அதிருப்தி வளர்ந்தது. இவரைப் பதவிக்குக் கொண்டுவந்த காமராசரின் ஆதரவும் நீங்கியது. 1949 ஏப்ரல் 6இல் பதவியை விட்டு விலகினார். குமாரசுவாமி ராஜா அடுத்த பிரதம அமைச்சரானார். நேர்மை ஒருவரைப் பதவிக்குக் கொண்டுவருவதும் அதே நேர்மை அவரைப் பதவியில் நிலைக்கவிடாமல் செய்வதும் தமிழக அரசியலில் அரிதான நிகழ்வுகள் அல்ல. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் இரண்டும் நடந்தது இவர் வாழ்க்கையில்தான்.

வடலூர் வாழ்க்கை

பதவி விலகிய பின் இவர் வடலூர் சென்றார். 1867இல் வள்ளலார் தருமசாலையும் 1872இல் சத்திய ஞான சபையும் நிறுவிய ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, பள்ளிகள் நடத்துதல், ஏழை மாணவர்களுக்கு உதவுதல் முதலிய பணிகளில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். புலாலையும் மதுவையும் மறுக்கும் வள்ளலாரின் நெறியே இவரது மதுவிலக்குக் கொள்கைக்குப் பின்னிருந்த வலிமை என்று கருதலாம். காந்தி அதற்கு அரசியல் வடிவம் கொடுத்தார். 1970 ஆகஸ்ட் 25இல் இவர் காலமானார்.

மறைவுக்குப் பின்

இவர் மறைந்த ஓராண்டில், 1971 ஆகஸ்ட் 30இல், மு. கருணாநிதி தலைமையிலான அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு கடைகளைத் திறந்தது. 1983இல் மது மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையையும் அக்கழகமே ஏற்றது. 1937இன் மதுவிலக்குச் சட்டம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதன் விதிகளின் கீழேயே அரசு மது விற்கிறது. கள் இறக்குவது குற்றமாகவும் புட்டி விற்பது அரசின் பணியாகவும் அமைந்த இந்நிலை ஓமந்தூரார் எண்ணியதற்கு நேர்மாறானது.

2023 மே மாதம், இவர் பிறந்த ஊரில் இருந்து வெகுதொலைவில் இல்லாத மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். எரிசாராயத்தைப் போன்றே தோற்றமும் மணமும் கொண்டது. உடலுக்குள் சென்றபின் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்பார்வையையும் பிறகு உயிரையும் பறிக்கிறது. நாவால் சுவைத்தோ மூக்கால் முகர்ந்தோ இதைக் கண்டறிய இயலாது. ஆய்வகச் சோதனை மட்டுமே வழி.

நினைவிடங்கள்

ஓமந்தூரில் இவருக்குத் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசினர் தோட்டம் இவர் பெயரால் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என வழங்குகிறது. 2010 மார்ச் 13இல் அங்கே புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் திறக்கப்பட்டது. அது பின்னர் பல்துறை உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்பட்டு 2014இல் திறக்கப்பட்டது. ஓமந்தூரார் மருத்துவமனை என்று அதை நாள்தோறும் சொல்லிச் செல்வோர் பலருக்கும் அப்பெயர் ஒரு மனிதரைக் குறிப்பது தெரிவதில்லை.